கத்திரிக்கோல் விரிந்த வருடம்

இஸ்தான்புல்லில் எங்கள் சமாத்யாப் பேட்டையில் இப்போதும் தங்க நாள் நடக்கிறது என்றுதான் சொல்கிறார்கள். என்ன நாளோ! மாதம் பிறந்தால் கைப்பேசியில் ஒரு தட்டு, பணம் போய்ச் சேர்ந்துவிடும். டீ கிடையாது, போரெக் பலகாரம் கிடையாது, அடுத்த வீட்டுத் திரைச்சீலை துவைத்து எத்தனை நாளாயிற்று என்று பார்க்க வழியும் கிடையாது. போன வாரம் என் மருமகள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே தன் நாளை முடித்துவிட்டாள். அதைப் பார்த்ததும் எனக்குப் பெஹிஜே அக்காவின் நினைவு வந்தது.

எங்கள் காலத்தில் நாள் என்றால் நாள். பன்னிரண்டு பெண்கள். மாதம் ஒருத்தி வீட்டில் கூடுவோம். மற்ற பதினொரு பேரும் அவளுக்கு ஆளுக்கொரு கால் பவுன் காசு கொடுப்போம். சீட்டுப் பிடிப்பது போலத்தான், ஆனால் ஏலம் கிடையாது, தள்ளுபடி கிடையாது, காகிதப் பணத்துக்கு அங்கே வேலையே இல்லை. யாருக்கு எந்த மாதம் என்று டிசம்பரில் குலுக்கிப் போடுவோம். ஒருமுறை காசு கொண்டுவராமல் வந்தவளை மறுமுறை யாரும் கூப்பிடுவதில்லை. நாளுக்கு மட்டுமல்ல, கல்யாணம், சாவு எதற்குமே கூப்பிட மாட்டார்கள்.

பெஹிஜே அக்கா எங்களில் மூத்தவள். கருங்கடல் கரைக்காரி. நெட்டையான உடம்பு, அதற்கேற்ற மூக்கு, வாயைத் திறந்தால் மூச்சு விடாமல் பேசுவாள். சிர்கெஜி தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கணவர் ரிஃப்கி கப்பலில் இயந்திரம் பார்த்தவர், நுரையீரல் கெட்டுச் செத்துப்போனார். பிள்ளை குட்டி இல்லை. நாலாவது மாடியில் தனி வீடு, குளிருக்குக் கரி அடுப்பு, ஜன்னலைத் திறந்தால் ரயில் சத்தம். எங்களுக்கு நாள் என்பது மாதம் ஒருமுறை வாய்க்கும் பொழுதுபோக்கு. அவளுக்கு அதுதான் குடும்பம்.

நாள் இல்லாத நாட்களில் அவள் பங்குக்கூடத்தில் இருப்பாள். இப்போது அந்தக் கூடங்களும் இல்லை. பெயாஸித்தில் தரகர் அலுவலகத்தின் மாடியில் பெரிய அறை. சுவர் முழுக்கப் பங்கு விலை ஓடும் திரைகள், வரிசையாக நாற்காலிகள், கூரைவரை சிகரெட் புகை. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்தவர்கள், மனைவிக்கு வேறு ஏதோ சொல்லிவிட்டு வந்தவர்கள் எல்லோரும் காலையிலேயே வந்து இடம் பிடிப்பார்கள். இவள் முதல் வரிசையில் உட்கார்ந்து கம்பளி பின்னுவாள். நானும் சில நாள் கூடப் போவேன். எனக்குப் பங்கும் தெரியாது, பாழும் தெரியாது. அந்த டீயும் சிமித் ரொட்டியும் வாய்ச்சண்டையும் பிடிக்கும், அவ்வளவுதான். இன்று நினைத்தாலும் அந்தப் புகை நாற்றம் எனக்கு இனிக்கிறது.

கூடத்துக்குப் போவதற்கு முன்னால் அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. சமாத்யாவில் புறநகர் ரயில் ஏறி, சிர்கெஜியில் இறங்கி, மூட்டு வலிக்க மேடேறி, மூடு சந்தைக்குள் நிஷானின் நகைக்கடைக்குப் போவாள். நிஷான் எங்கள் பேட்டை ஆர்மீனியர். தங்கம் வாங்குவதும் விற்பதும் அவர் தொழில். என்ன விலை என்று அவள் கேட்பதே இல்லை.

"அண்ணே, இன்னைக்குக் கத்திரிக்கோல் எப்படி?" என்பாள்.

வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் உள்ள இடைவெளிக்குச் சந்தையில் கத்திரிக்கோல் என்றுதான் பெயர். கடைக்காரர் நிம்மதியாக இருந்தால் இரண்டு விலையும் ஒட்டிக்கொண்டிருக்கும். நாளைக்கு டாலர் எங்கே போகுமோ என்ற பயம் வந்துவிட்டால், வாங்குவதைத் தாழ்த்தி விற்பதை உயர்த்தி வைப்பார். கத்திரிக்கோல் விரியும். விலை பொய் சொல்லும், கத்திரிக்கோல் பொய் சொல்லாது என்பது அவள் கட்சி.

"பயம் ஒண்ணுதான்டீ ஃபிக்ரியே," என்பாள் என்னிடம். "காலையில டாலர் வீட்டுக் கதவைத் தட்டும். மத்தியானம் தங்கத்தோட கதவை. சாயங்காலம் நம்ம கூடத்துக் கதவை உடைச்சுக்கிட்டு உள்ள வரும். நான் மத்தியானமே பாத்துட்டு வந்துடறேன், அவ்ளோதான்."

தொண்ணூற்று நான்கில் எங்கள் நாட்டு லிரா டாலருக்கு எதிரே சரிந்தபோது இப்படித்தான் முந்திக்கொண்டு பங்குகளை விற்றுத் தப்பித்தாள். அதிலிருந்து கூடத்தில் அவள் மதிப்பு ஏறிவிட்டது. அவள் படியேறி வரும்போது எல்லோரும் திரையை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பார்கள். ஒருநாள் பல்வலியோடு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பழைய கப்பல் தலைவர் ஃபெரிதுன் அதைப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை, எழுந்து போய் கையில் இருந்ததையெல்லாம் விற்றார். அவரைப் பார்த்துப் பக்கத்து நாற்காலி, அதைப் பார்த்துப் பின் வரிசை. அரை மணி நேரத்தில் பாதிக் கூடம் விற்றுத் தீர்த்துவிட்டது.

"ஏன் அக்கா, சந்தையில என்ன ஆச்சு?" என்று மெதுவாக வந்து கேட்டார் ஃபெரிதுன்.

"சந்தையில ஒண்ணுமில்ல. கடைவாய்ப்பல்லு."

"அட பாவி! காலையிலேயே பிடுங்கிட்டு வந்திருக்கக்கூடாதா? எனக்கு எவ்வளவு நஷ்டம் தெரியுமா?"

"என் வாயைப் பாத்து யாவாரம் பண்ணா அப்படித்தான். போய் டீ சொல்லு."

இரண்டாயிரமாவது வருடம் எல்லாம் மாறியது. டாலர் இந்த மாதம் இவ்வளவு ஏறும், அடுத்த மாதம் இவ்வளவு ஏறும் என்று அரசாங்கமே முன்கூட்டி அட்டவணை போட்டுவிட்டது, ரயில் நேரம் போடுவது மாதிரி. டாலர் அடங்கியதும் தங்கமும் அடங்கியது. நிஷான் கடையில் கத்திரிக்கோல் ஒட்டிப்போய்க் கிடந்தது. பங்குகள் மட்டும் துள்ளின. நடுவில் இலையுதிர் காலத்தில் ஒரு தடுக்கல், அப்புறம் மறுபடி எழுந்துகொண்டன. பால்காரர்கூடப் பங்கு பேசினார்.

அடுத்த வருட ஜனவரி, முதல் மாதம், பெஹிஜே அக்காவின் முறையாக விழுந்தது. அவள் வீட்டில் கூடினோம். கோதுமை ரவையில் செய்த கிஸிர் காரமாக இருந்தது என்று பல் மருத்துவர் மனைவி துர்க்கான் மூக்கைச் சுருக்கினாள். துர்க்கான் எதற்கும் மூக்கைச் சுருக்குவாள், அதற்காகவே கடவுள் அவளுக்கு ஒன்று கொடுத்திருந்தார். பதினொரு காசும் தட்டில் விழுந்தன.

மறுவாரம் அக்கா அந்தக் காசுகளை நிஷானிடம் கொடுத்து லிராவாக மாற்றினாள். நானும் கூட இருந்தேன்.

"எதுக்குக்கா? வச்சுக்க வேண்டியதுதானே?" என்றார் நிஷான்.

"டப்பாவுல தூங்கறதுக்கு இதுக்கு என்ன வயசாயிடுச்சா? நாலு மாடி கரி தூக்க முடியல அண்ணே. வெந்நீர்க் குழாய் வச்சு வீட்டைச் சூடாக்கற காஸ் அடுப்பு போடணும். பங்குல போட்டா ரெண்டு மாசத்துல அடுப்பும் வரும், காசையும் திருப்பி வாங்கிடுவேன். உன் கத்திரிக்கோலைப் பாரு, முடிகூட நுழையாது."

நிஷான் எடை போட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்தார். அவள் நேராகக் கூடத்துக்குப் போய் அத்தனைக்கும் ஒரு வங்கியின் பங்கை வாங்கினாள்.

பிப்ரவரியில் தலைநகர் அங்காராவில் அரசாங்கத்துப் பெரிய மனிதர்கள் ஒரு கூட்டத்தில் சண்டை போட்டுக்கொண்டார்கள் என்று செய்தி வந்தது. நான் கொண்டைக்கடலை ஊற வைத்துக்கொண்டிருந்தேன், பெரிதாக நினைக்கவில்லை. ஒரே நாளில் எல்லோரும் வங்கியில் இருந்த லிராவை எடுத்து டாலர் வாங்க ஓடினார்கள். கொடுக்க லிரா இல்லாமல் வங்கிகள் கையில் இருந்த பத்திரம், பங்கு எல்லாவற்றையும் விற்றன. வங்கிகள் தங்களுக்குள் ஓர் இரவுக்கு வாங்கும் கடனுக்கு ஆயிரக்கணக்கான சதவீதம் வட்டி! அக்கா என்னை இழுத்துக்கொண்டு ரயில் ஏறினாள்.

நிஷான் விலைப்பலகையைக் கழற்றி உள்ளே வைத்திருந்தார்.

"அண்ணே, கத்திரிக்கோல்..."

"இன்னைக்குக் கத்திரிக்கோலே இல்லக்கா. வெட்டறதுக்குத் துணி இருந்தாத்தானே? விக்கவும் மாட்டேன், வாங்கவும் மாட்டேன். நாளைக்கு லிரா என்னன்னு யாருக்குத் தெரியும்?"

கூடத்தில் திரை முழுக்கச் சிவப்பு. விற்கிறவர்கள் மட்டும் இருந்தார்கள், வாங்க ஓர் ஆள் இல்லை. சத்தம் போட்டே பழகிய அறையில் புகை இழுக்கும் விசிறியின் சத்தம் கேட்டது. ஃபெரிதுன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், சாவு வீட்டில் உட்காருவது போல. மறுநாள் அரசாங்கம் அட்டவணையைக் கிழித்துப்போட்டு லிராவை அதன் போக்கில் விட்டுவிட்டது. டாலரோடு தங்கமும் எகிறியது. பங்கு ஒருநாள் பள்ளத்தில், ஒருநாள் மேட்டில், மறுநாள் மறுபடி பள்ளத்தில். பெஹிஜே அக்காவின் வங்கிக்கு அந்த ஆட்டம்கூடக் கொடுத்துவைக்கவில்லை. அதை அரசு எடுத்துக்கொண்டது. பங்குகள் வெறும் பெயராகிப் போயின.

அந்தச் செய்தியைக் கூடத்தில் கேட்டுவிட்டுத் திரும்பும் ரயிலில் அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"என் கண்ணுக்கு என்னடீ ஆச்சு? கத்திரிக்கோல் மூடியிருக்குன்னு நினைச்சேன். அங்காராக்காரன் ரெண்டு அலகையும் கையால இறுக்கிப் பிடிச்சிட்டு இருந்திருக்கான். அவன் கை வலிச்சு விட்டதும் பளார்னு விரிஞ்சிடுச்சு."

"போனது போகட்டும் அக்கா."

"போனது போகட்டும், சரி. வர வேண்டியது? டிசம்பர் வரைக்கும் மாசா மாசம் ஒவ்வொருத்தி வீட்டுக்கும் கால் பவுன் கொண்டு போகணும். என் பென்ஷன் லிராவுல. நான் வெறுங்கையோட போய் நின்னா துர்க்கான் வாசலோட அனுப்பிடுவா. அப்புறம் எனக்கு யார் வீட்டுக் கதவுடீ திறக்கும்? செத்தா யார் வந்து கண்ணை மூடுவாங்க?"

அவள் அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது. அதோடு கோபமும் வந்தது. பெரிய சந்தை ராணி, டப்பாவில் இருந்ததை அப்படியே விட்டிருக்கக்கூடாதா?

மார்ச் நாள் துர்க்கான் வீட்டில். ஒருத்தி முகத்திலும் களை இல்லை. எல்லார் வீட்டுச் சம்பளமும் அதே லிராதான், காசின் விலை மட்டும் மலை மாதிரி ஏறிவிட்டது. இதுதான் சமயம் என்று நான் வாயைத் திறந்தேன். பழைய ஜனவரி விலையைக் கணக்குப் போட்டு, இந்த வருடம் மட்டும் லிராவாகவே கொடுத்துவிடலாமே என்றேன். பெஹிஜே அக்காவுக்காகத்தான் சொன்னேன். அவள் பெயரை எடுக்கவில்லை, அவ்வளவுதான். எனக்குப் பக்கத்தில் இருந்தவள் பெருமூச்சு விட்டு, "நல்ல யோசனை," என்றாள். இன்னும் நாலைந்து தலைகள் ஆடின. துர்க்கான்கூடத் தோளைக் குலுக்கி, "எல்லாரும் சரின்னா எனக்கும் சரி," என்றாள். அன்றைய காசு அவளுக்கு வர வேண்டியது. அதை அவள் சொன்னது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஓரத்தில் ஹைரியே மட்டும் தட்டில் இருந்த போரெக்கைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடம் கூட்டித் துடைத்துப் பிழைப்பவள். அவளுக்கு டிசம்பர், கடைசி முறை. அந்தக் காசுகளை நம்பித்தான் மகளின் கல்யாணத்தை அடுத்த வருட வசந்தத்துக்கு வைத்திருந்தாள். பேசத் தெரியாதவள், அன்றும் பேசவில்லை.

அப்போது பெஹிஜே அக்கா எழுந்தாள். பையிலிருந்து ஒரு காசை எடுத்து துர்க்கானின் தட்டில் 'டங்'கென்று வைத்தாள்.

"நான் ஜனவரியில தங்கம் வாங்கினேன். காகிதம் வாங்கல. தங்கம் வாங்கினவ தங்கம்தான் கொடுப்பா."

அவ்வளவுதான். அதற்கு மேல் யார் பேசுவது? ஒவ்வொருத்தியாகக் கைப்பையைத் திறந்தார்கள். சிலர் என்னையும் அவளையும் மாறி மாறி முறைத்தார்கள். தெருவில் இறங்கியதும் அக்காவைப் பிடித்துக்கொண்டேன்.

"உனக்கு மூளை இருக்கா அக்கா? நான் யாருக்காகப் பேசினேன்? தலைக்கு மேல வெள்ளம் போகுது, கையை நீட்டினா கடிக்கிறியே!"

"கத்தாதே, ஜன்னல்லாம் திறந்திருக்கு. யோசிச்சுப் பாரு. நான் பதினொரு தங்கக் காசு முழுங்கிட்டு, ஹைரியேவுக்கு டிசம்பர்ல பழைய விலையில லிரா கொடுத்தா, அவ அதுல என்ன வாங்குவா? மகளுக்கு மோதிரம்கூட வராது. அவ போவா. அவ பின்னாடி இன்னொருத்தி போவா. அடுத்த வருஷம் நாளே இருக்காது. எனக்குக் காசு இல்லாட்டி நான் மட்டும் வெளியே. நாளே இல்லாட்டி?"

அவள் கையைப் பிடித்து மேடேற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அந்தக் காசைப் பென்ஷனை வழித்து வாங்கியிருந்தாள். ஏப்ரலில் அதற்கும் வழியில்லை. அவள் கையில் இருந்தது ரிஃப்கி கல்யாணத்துக்குப் போட்ட இரண்டு முறுக்கு வளையல். அவர் படுக்கையில் கிடந்த வருடங்களில் கூட அதை விற்கவில்லை. ஒன்றைக் கழற்ற முடியாமல் சோப்புப் போட்டுக் கழற்றினாள். நிஷான் கடையில் நானும் நின்றேன்.

"எவ்வளவு லிரா வேணும்க்கா?" என்றார் அவர்.

"லிராவைக் கண்ணுல காட்டாதே. வளையலைத் தராசுல வை. அந்த எடைக்குக் காசு எடு. நடுவுல காகிதம் வந்தாத்தானே ஆட்டம் காட்டும்? தங்கத்தைப் போட்டுத் தங்கத்தை எடுக்கறேன், டாலர் என் மயித்தைப் பிடுங்கட்டும்."

நிஷான் சிரித்துவிட்டார். அந்த மாதங்களில் சந்தையில் யாருமே சிரித்ததில்லை. வளையலுக்கு ஈடாக ஐந்து காசு எடுத்து வைத்தார்.

"உன் கத்திரிக்கோலுக்கு உள்ளதை வெட்டிக்கோ," என்றாள் அவள்.

"உனக்குக் கத்திரிக்கோல் இல்ல, போ."

"பிச்சையா?"

"ரிஃப்கி இந்த வளையலை வாங்கினப்ப எங்கப்பா நல்லா வெட்டியிருக்கார். அதுல கழிஞ்சு போச்சு."

செப்டம்பரில் இரண்டாவது வளையலும் தராசேறியது. அதற்குள் லிராவில் காசின் விலை ஜனவரியைப் போல இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. அந்த வளையலில் வந்த ஐந்து காசில் நான்கு, டிசம்பர் வரையான நாட்களுக்குப் போயின. மீந்த ஒன்றை விற்று அவள் அந்தக் குளிர்காலத்துக்குக் கரி வாங்கினாள். நாலு மாடி ஏற்றிக் கொடுக்க நானும் என் மகனும் போனோம். மூன்றாவது மாடியில் நின்று அவளை வாய்க்கு வந்தபடி திட்டினேன், மூச்சு வாங்கிக்கொண்டே.

டிசம்பர் நாள் ஹைரியே வீட்டில். ஒற்றை அறை, இரவல் நாற்காலிகள், அடுப்பில் வைத்த டீ. பதினொரு காசும் அவள் மடியில் விழுந்தன. கடைசியாகப் போட்டவள் பெஹிஜே அக்கா. காசு போட நீட்டிய கையில் சட்டை மேலேறியது. வளையல் இருந்த இடத்தில் வெளுத்த தடம் மட்டும் தெரிந்தது. எல்லோரும் பார்த்தோம், துர்க்கானும் பார்த்தாள்.

அடுத்த வருடத்துக்குப் பெயர் எழுத துர்க்கான் துண்டுக் காகிதங்களோடு உட்கார்ந்தாள். பென்சிலை எடுத்தவள் நிறுத்தினாள்.

"பெஹிஜே, தப்பா நினைக்காதே," என்றாள். குரல் நல்லவிதமாகத்தான் இருந்தது, அதுதான் இன்னும் மோசம். "வயசாச்சு. காலமும் சரியில்ல. வர்ற வருஷம் நீ கொஞ்சம் ஓய்வு எடுத்துக்கோயேன்."

ஒருத்தி டீயைக் கலக்கினாள், நான் என் தட்டைப் பார்த்தேன். ஒன்பது மாதமாகத் தன் கையை உருக்கி உருக்கி அவள் எதைக் காப்பாற்றினாளோ, அது இந்த நாலு நல்ல வார்த்தையில் போய்க்கொண்டிருந்தது. அவள் பின்னல் ஊசியைப் பையில் போட்டு மூடினாள், கிளம்பப் போகிறவள் போல.

ஹைரியே மடியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். உள்ளே காசுகள் கலகலத்தன.

"முதல்ல பெஹிஜே அக்கா பேரை எழுது, துர்க்கான் அம்மா. அப்புறம் என் பேரு. அவங்க பேரு இல்லாட்டி இதையெல்லாம் இப்பவே எண்ணித் திருப்பிக் கொடுத்துடறேன். எனக்கு வேண்டாம்."

அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நாங்கள் கேட்டதே இல்லை. துர்க்கானின் முகம் சிவந்தது. அவள் குனிந்து எழுதினாள்.

"எழுதறது சரி," என்றாள் பெஹிஜே அக்கா. "குலுக்கும்போது எனக்கு ஜனவரி விழுந்தா மட்டும் மறுபடி குலுக்கணும். ஜனவரியில என் புத்தி ஒரு இடத்துல நிக்கறதில்ல."

நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம், துர்க்கானும் சிரித்தாள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனாள், ரொம்ப நேரம் திரும்பி வரவில்லை.